கீறாத அடுக்கு

கையெழுத்துப் போட மாட்டனுங்க தம்பி. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். காப்பியைக் குடுத்து உக்கார வெச்சுப்போட்டு அப்பறம் மாட்டேன்னு சொன்னான்னு நீங்க ஆபீசுல போய்ப் பேசக்கூடாது பாருங்க. காப்பி வரும். ருக்குமணி, தம்பிக்குச் சக்கரை பாத்துப் போடு. நாமக்கல்லுல இருந்து ரெண்டு பஸ்சு மாறி, இந்த வெயில்ல முக்கா மைலு நடந்து வந்திருக்கறீங்க. ஊட்டுக்கு வந்த ஆளைத் தண்ணி குடுக்காம அனுப்பற வழக்கம் எங்களுக்கு இல்லைங்க. ஆனா காப்பி வேற, கையெழுத்து வேற.

கோவிச்சுக்காதீங்க. நீங்க கான்ட்ராக்டரு ஆபீசுல பேனா புடிக்கறவரு, உங்களைச் சொல்லி என்ன ஆவுது. அந்தக் காயிதத்தை இன்னொருக்கா படிங்க. படிங்கங்கறேன். "கிரேடர் ஓட்டுநர் மாதையன் தனது சொந்த அலட்சியத்தால் அடுக்குகளைக் கீறி விடாமல் விட்டதனால்..." போதும், நிறுத்துங்க. அலட்சியமாம். மாதையனுக்கு அலட்சியமாம். சோத்துக் குண்டாவைக் கழுவிக் கவுக்கறதுன்னாக்கூட ஒருதாட்டி துணியில தொடச்சுப்போட்டுத்தானுங்க கவுப்பான் அவன். அதுக்குக் கீழ, இதை நேரில் கண்ட ரோலர் ஓட்டுநர் பொங்கியண்ணன்னு போட்டு எனக்கு எடம் விட்டிருக்கறீங்க. போட்டுக் குடுத்தா ஐப்பசி பொறந்ததும் ஒரிசாவுல புது சைட்டு, புது ரோலரு, ஏசி வெச்ச கேபினு. அப்படித்தானுங்களே?

நான் கண்டதைச் சொல்றேன், கேளுங்க. கேட்டுப்போட்டு எதை எழுதறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்.

கரிச் சுரங்கம்னா எல்லாரும் கரியைத்தான் நெனைக்கறாங்க. ஒரு லாரி கரி மேல வரோணும்னா நாலு லாரி கழிவை மொதல்ல வெளிய கொட்டோணும். மேல்மண்ணு, களிமண்ணு, ஒடைஞ்ச பாறை, கரி பாதி மண்ணு பாதியா ஒரு கருப்புச் சக்கை. அந்தச் சக்கைதான் பொல்லாதது. கரி எடுத்தவனுக்கு ரயில் வந்து நிக்கும், மாலை போடுவாங்க. கழிவை வெக்கறவன் மொகத்தை ஒருத்தனும் பாக்க மாட்டான். அட, குப்பைதானே, கொட்டிப்போட்டுப் போயிட்டே இருன்னுதான் எல்லாரும் நெனைக்கறது. நாங்க வேலை பாத்த வடக்கத்திச் சுரங்கத்துல நமக்கு முன்னால இருந்த கான்ட்ராக்டரு அப்படித்தான் பண்ணியிருக்கறான். மேட்டு மேல லாரியை நிறுத்தி அப்படியே கவுத்து விட்டிருக்கறான். பொலபொலன்னு கெடந்தா உள்ள காத்துப் போவும். காத்துப் போனா கரிச் சக்கை தானாப் புகைய ஆரம்பிச்சிரும். ரெண்டு வருசம் புகைஞ்சுதாமுங்க அந்த மேடு. கீழ ஒரு ஊரு இருக்குது, எழுவது எம்பது ஊடு. அங்க கொழந்தை குட்டியெல்லாம் இருமி இருமி, அவங்க வந்து ரோட்டுல உக்காந்து, அதுக்கப்பறந்தான் சட்டம் வந்துச்சு.

சட்டம் என்னன்னாங்க, முழங்கால் ஒசரத்துக்கு மேல ஒரே தாட்டியில கொட்டக்கூடாது. கொட்டினதை டோசர் பரத்தி விடோணும். டேங்கர் தண்ணி தெளிக்கோணும். அதுக்கு மேல ரோலரு எட்டு நடை ஓடோணும், போறது ஒண்ணு வாரது ஒண்ணு. மண்ணு சோதிக்கற பையங்க குழி தோண்டிப் பாத்து, செரி, இறுகிருச்சும்பாங்க. அப்பறம் கிரேடரு வந்து, பின்னால பல்லு இருக்குமில்ல, அதை எறக்கி மேலாப்புல ஒரு சாண் எடைவெளியில கீறி விடோணும். கீறினதுக்கு மேல அடுத்த அடுக்கு. இப்படியே அடுக்கு அடுக்கா மேல போவோணும். ஆபீசு சொவத்துல இந்தியில எழுதி ஒட்டியிருந்தாங்க. நம்மாளுங்களுக்குப் படிக்கத் தெரியலீன்னு மாதையன் ஒரு அட்டையில தமிழ்ல எழுதி டீக்கடையில மாட்டி வெச்சான். அவனுக்குத்தானுங்க அலட்சியம்.

மத்த ரோலர்காரனெல்லாம் அஞ்சு நடை ஓட்டிப்போட்டு எட்டும்பான். நான் அப்படியில்லை. எட்டுப் புளியங்கொட்டையை அங்கராக்குச் சட்டைப் பையில போட்டுக்குவேன். ஒரு நடை முடிஞ்சா ஒண்ணை எடுத்து முன்னால தட்டுல வெப்பேன். பை காலியாவற வரைக்கும் எறங்க மாட்டேன், ஒண்ணுக்கு வந்தாலும் எறங்க மாட்டேன். இருவத்தி மூணு வருசம் ரோலருங்க. ரோடு போட்டிருக்கறேன், அணைக்கட்டுக்கு மண்ணு உருட்டியிருக்கறேன், ஏரோப்ளேன் எறங்கற எடத்துல உருட்டியிருக்கறேன். என்ற உருட்டைக் குத்தம் சொன்னவன் இன்னும் பொறக்கலை.

எட்டு முடிஞ்சாப் போதும்னு சட்டம் சொல்லுது. நான் விட மாட்டேன். ரோலரோட அதிர்வை நிறுத்திப்போட்டு, தண்ணியை லேசா ஒருக்காத் தெளிக்கச் சொல்லி, நடை போடற வேகத்துல இன்னும் ரெண்டு ஓட்டுவேன். அப்பப் பாக்கோணும் நீங்க அந்த மண்ணை. பளபளன்னு வரும். சவரம் பண்ணின கன்னமாட்ட. காலையில வெயிலு சாஞ்சு அது மேல விழுந்துச்சுன்னா அக்கட்டால நிக்கறவன் கண்ணு கூசும். குப்பைங்க அது. நாலு ஊருக்காரன் மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் போன குப்பை. அதைக் கண்ணாடியாட்ட ஆக்கி வெச்சேன்.

மிஸ்ரா சாபுன்னு ஒருத்தரு, கழிவு மேட்டுக்கு அவருதான் அதிகாரி. பெரிய சாருங்க யாரு ஜீப்புல வந்தாலும் மொதல்ல என்ற பக்கத்துக்குத்தான் கூட்டியாருவாரு. ஒரு தாட்டி டில்லியில இருந்து வந்த ஒருத்தரு பூட்சைக் கழட்டிப்போட்டு வெறுங்காலுல நடந்து பாத்தாரு. போட்டோப் புடிச்சு ஆபீசுல மாட்டுனாங்க. போட்டோவுல நான் இல்லை, ரோலரு கூட இல்லை, வெறும் தரைதான். இருந்தாலும் எனக்குத் தெரியுமில்ல அது யாரு தரைன்னு.

மாதையன் தைப் பொங்கல் நோம்பி முடிஞ்சுதான் வந்தான். பெண்ணாகரத்துக்குப் பக்கத்துல ஏதோ ஒரு ஊரு. நெம்பப் பேச மாட்டான். நானும் அவனும் ஒரே ரூமு. அவந்தான் சமையலு. களி கிண்டினான்னா கட்டியே இருக்காது, நானும் இத்தனை ஊருல தின்னிருக்கறேன், அப்படிக் களி தின்னதில்லை. வாய்க்கு வாய் அண்ணாம்பான். வந்த மூணாம் நாளு நான் உருட்டி முடிச்சுப்போட்டு எறங்கிச் சோத்துக்குப் போனவன் கொஞ்சம் கண்ணசந்துட்டேன், திரும்பி வந்து பாத்தா அந்தப் படுபாவி பல்லை எறக்கி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கீறி வெச்சிருக்கறான். பாதி நாளு வேலை. அத்தனையும் போச்சு.

என்னடா இதுன்னேன். சட்டமுங்கண்ணாங்கறான். இதுக்கு முன்னால இருந்த கிரேடர்காரன் எனக்குப் பயந்துக்கிட்டு ஓரத்துல மட்டும் நாலு கோடு போட்டுப்போட்டுப் போயிருவான், சோதிக்கறவங்க கண்ணுக்குத் தெரியற எடத்துல. இவன் முழுசையும் கீறிப்போட்டான். ஏன்டா, கோலம் போட்ட வாசல்ல எருமையை ஓட்டுவியாடான்னு கேட்டேன். அவன் கோவப்படலை. கிரேடர்ல இருந்து எறங்கி வந்து சொன்னான்.

"அண்ணா, எங்கப்பன் கொத்தனாருங்க. சொவத்தைக் கொத்தி விடாமப் பூசினா பூச்சு நிக்காதுங்க. இதும் அதேதானுங்க. நீங்க வழவழன்னு ஆக்கிவெச்சா மேல வர்ற அடுக்கு எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? அது சொவருடா, இது தரை, தரையில பூசினது எங்கடா போய் விழும்னு கேட்டேன். டீக்கடையில இருந்தவனெல்லாம் சிரிச்சான். அவனும் சிரிச்சான். அதோட உட்டானா? அடுத்த அடுக்குக்கும் பல்லோட வந்து நிக்கறான். நான் ரோலரைக் குறுக்க நிறுத்திச் சாவியைப் புடுங்கிக்கிட்டு உக்காந்துக்கிட்டேன். எனக்குப் பின்னால டிப்பரு ஒண்ணொண்ணா வந்து ரோடு வரைக்கும் நின்னு போச்சு.

மிஸ்ரா சாபு ஜீப்புல வந்தாரு. என்ன தகராறுன்னாரு. நான் எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னேன். அவரு கீறாத எடத்தைப் பாத்தாரு, நின்னுக்கிட்டிருந்த டிப்பரைப் பாத்தாரு, வாட்சைப் பாத்தாரு. கீறுறதுக்கு ஒரு அடுக்குக்கு எத்தனை நேரம் ஆவுதுன்னு மாதையனைக் கேட்டாரு. ரெண்டு மணி நேரமுங்கன்னான். பொங்கி சொல்றபடி செய்யுங்கன்னு சொல்லிப்போட்டு ஜீப்பைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. வாயில சொன்னதுதான். எழுதியெல்லாம் குடுக்கலை. வேலை தெரிஞ்ச மனுசன், நல்ல உருட்டு எதுன்னு அவருக்குத் தெரிஞ்சுதுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

அன்னைக்குச் சாங்காலம் மாதையன் களி கிண்டினான். நான் மட்டும் பேசிக்கிட்டே இருந்தேன். செயிச்சவன் பேசத்தானுங்களே செய்வான்.

மாசி, பங்குனி, சித்திரைன்னு மேடு ஏறிக்கிட்டே போச்சு. ஒவ்வொரு அடுக்குக்கும் அவன் வருவான். கிரேடரை ஓரமா நிறுத்திப்போட்டு என்னைப் பாப்பான். நான் கையை ஆட்டுவேன், போடான்னு. போயிருவான். ஒரு நாளும் வராம இருந்ததில்லை. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி, ஒரு நாளும் வராம இருந்ததில்லை.

வைகாசியில என்ற தங்கச்சி மவளுக்குக் காது குத்து. மாமன் சீரு நாந்தானே கொண்டு போவோணும். பத்து நாளு லீவு போட்டு வந்துபோட்டுத் திரும்பிப் போனேன். போனா டேங்கர்காரன் சொல்றான், வடக்குப் பக்கத்து ஓரத்துல ரெண்டு அடுக்கை மாதையன் கீறி, அதுக்கு மேல அடுத்ததும் ஏறிருச்சுன்னு. வடக்கோரம் சின்ன எடந்தான், நான் இல்லாதப்ப அங்க மட்டுந்தான் வேலை நடந்திருக்குது. இருந்தாலும் எனக்கு என்ற மொகத்துல கீறினாப்புல இருந்துச்சு. தோண்டியா பாக்க முடியும்? போய்க் கேட்டேன். அதுக்கு அவன் சொல்றான், "நீங்க இருக்கறப்ப உங்க பேச்சைக் கேக்கறனுங்கண்ணா. நீங்க இல்லாதப்ப அட்டையில இருக்கறதைச் செஞ்சேன்"ங்கறான். நாலு நாளு அவன் கையால சோறு திங்கலை நான். வெளிய போயி ரொட்டி வாங்கித் தின்னேன். அவன் தெனமும் ரெண்டு பேருக்குத்தான் கிண்டுவான், என்ற பங்கை மூடி வெப்பான்.

காப்பி ஆறுது, குடிங்க.

ஆடியில மழை புடிச்சுக்கிச்சு. அந்தச் சீமை மழை நம்மூரு மழையாட்ட இல்லைங்க. பதினோரு நாளு உடாமப் பேஞ்சுது. மழையில ரோலரு ஓடாது, நான் செட்டுல உக்காந்திருந்தேன். கீழ, மேட்டு அடியில தண்ணி போற வாய்க்காலு அடைச்சுக்கிச்சு. அதைச் சுத்தம் பண்ணி உடலீன்னா தண்ணி ஊருக்குள்ள போவும்னு மாதையனைக் கிரேடரோட அனுப்பி வெச்சாங்க. காலையில ஒம்பதரை இருக்கும். சத்தங்கூடப் பெருசா இல்லைங்க. தோசைக்கல்லுல எண்ணெ எச்சாப் போச்சுன்னா தோசை தானா நழுவும் பாருங்க, அப்படி. மேலடுக்கு ஏழும் ஒட்டுக்கா, ஒடையாம, மேல மொளைச்சிருந்த பில்லுப் பூண்டோட எறங்குச்சு. கிரேடரு இருந்த எடத்துல அதோட மேல் தகடு மட்டுந்தான் தெரிஞ்சுது.

ஓடினோம். மம்முட்டியில பாதி, கையில பாதி தோண்டினோம். என்ற நகம் ரெண்டு போச்சு, இங்க பாருங்க. ரெண்டரை மணி நேரம். நெஞ்சு வரைக்கும் வெளிய வந்ததும் கண்ணு முழிச்சான். "அண்ணா, காலு ரெண்டும் எங்கயோ இருக்குதுங்க"ன்னான். அழுவல. எங்கயோ வெச்சதை மறந்துட்டாப்புலச் சொன்னான். முழங்காலுக்குக் கீழ ரெண்டையும் எடுத்துட்டாங்க. நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல கொழந்தையாட்ட அழுதேன்.

மறு நாளு மேல ஏறிப் போய்ப் பாத்தேன். போவோணும்னு தோணுச்சு. மேல இருந்ததெல்லாம் போயிருச்சுங்களா, அடியில என்ற அடுக்கு அப்படியே இருக்குது தம்பி. ஒரு விரிசலு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. மழைத் தண்ணி அது மேல ஓடுது, மொகம் பாத்துக்கலாம். பங்குனியில உருட்டினது, நாலு மாசம் மண்ணுக்கடியில இருந்துபோட்டு வெளிய வருது, அப்பவும் பளபளங்குது. அந்த நேரத்துலயும் ஒரு நொடி நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. பொங்கியண்ணன் உருட்டு இதுதான்டான்னு கத்தோணும்போல இருந்துச்சு. குனிஞ்சு கையை வெச்சேன். கை நிக்கலை, வழுக்கிக்கிட்டுப் போச்சு. மழையில எதுதானுங்க வழுக்காது? பாறை வழுக்காதா? சாணி மொழுகின வாசலு வழுக்காதா?

சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிங்க ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு என்ற அடுக்கு மேல காலை வெச்சாரு, பொத்துனு உழுந்தாரு. இன்னொருத்தரு சின்ன வயசுக்காரரு, வடக்கோரத்துல மண்டி போட்டு உக்காந்துக்கிட்டாரு. ஏன்னா அங்க வந்து சரிவு நின்னு போச்சு. கத்தியில வெட்டினாப்புல நின்னுருச்சு. அந்த ஓரத்துல மட்டும் மேலடுக்கு கீழடுக்கைக் கவ்விக்கிட்டு நிக்குது, நடுவுல பல்லுப் போட்ட கோடு கோடாத் தெரியுது. அவரு அதையே போட்டோ புடிச்சாரு, ஸ்கேலை வெச்சு. நான் போய் சொன்னேன், சார், அங்க அடியில பாறை கீறை இருந்திருக்கும், அதான் நின்னுருச்சுன்னு. அவரு என்னை நிமுந்து பாத்தாரு. மறுக்கா ஸ்கேலை வெச்சு இன்னொரு போட்டோ புடிச்சாரு. பாறைதானுங்க. இருந்திருக்கும்ல?

இப்ப நீங்க சொல்றீங்க, அவங்க ரிப்போர்ட்டு எழுதிப்போட்டாங்கன்னு. உருட்டுல குத்தமில்லைன்னு எழுதியிருக்கறாங்களாமே. பாத்தீங்களா! அவங்களே எழுதிப்போட்டாங்க. மண்ணு நல்லா இறுகி இருக்குது, சட்டத்துக்கு மேலயே இறுகி இருக்குது. அடுக்குக்கும் அடுக்குக்கும் ஒட்டு இல்லை, கீறி உடாததுதான் காரணம். அது அவங்க படிச்ச படிப்பு. நான் சண்டைக்குப் போவலை. அப்ப யாரு கீறலைன்னு கேட்டாங்க. மிஸ்ரா சாபு எனக்கு ஒண்ணும் தெரியாது, என்கிட்ட ஒருத்தரும் சொல்லலைன்னுட்டாரு. பேச்சுக்கு ரசீது கெடையாதில்ல. கான்ட்ராக்டரு கிரேடர்காரனைக் கேளுங்கன்னுட்டாரு. கிரேடர்காரன் காலில்லாமக் கட்டில்ல கெடக்கறான். அவன் அலட்சியம்னு ஆயிப்போச்சுன்னா அவனுக்கு ஒரு சல்லி வராது. அவன் சம்சாரத்துக்கு வேலையும் வராது. கேசும் அவன் மேலதான். எல்லாத்தையும் ஒரே காயிதத்துல முடிச்சுப்போடறீங்க.

செரி, அந்த ரெண்டாவது பக்கத்தைத் திருப்புங்க. நீங்க வந்ததும் காட்டினீங்களே, அதான். மாதையன் கையெழுத்து. நல்ல எழுத்து அவனுக்கு, அட்டையில எழுதினதும் இதே எழுத்துத்தான். நான் கீற மறந்துட்டேன்னு அவனே எழுதிக் குடுத்திருக்கறான். நான் கீற மறந்துட்டேன். அந்த மூணு வார்த்தையைப் பாத்ததுல இருந்து எனக்கு வேற நெனப்பே ஓட மாட்டேங்குது. என்ற பேரே இல்லை அதுல. நான் கையை ஆட்டினது இல்லை, சாவியைப் புடுங்கிக்கிட்டு உக்காந்தது இல்லை. ஏன் இப்படி எழுதினீங்கன்னு நீங்க ஆஸ்பத்திரியில அவனைக் கேட்டதுக்கு என்ன சொன்னான்னு சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க. வேண்டாம், நானே சொல்றேன். "எனக்கு இனிமே கிரேடரு எதுக்குங்க. அண்ணன் ரோலரு இல்லாம இருக்க மாட்டாரு." அப்படித்தானே?

எவன்டா கேட்டான் உன்னை! மன்னிச்சுக்குங்க தம்பி, உங்களை இல்லை. எவன் கேட்டான் அவனை? பொங்கியண்ணனுக்குப் பிச்சை போட அவன் யாரு? இருவத்தி மூணு வருசம் ஒருத்தன் கிட்டக் கை நீட்டாம இருந்திருக்கறேன். களியைக் கிண்டி மூடி வெச்சானே, அப்பவே எனக்குப் புடிக்கலை. இப்ப ரெண்டு காலையும் கிண்டி எனக்கு மூடி வெக்கறான். அதைத் தின்னுபோட்டு நான் ஒரிசாவுல ஏசியில உக்காந்து உருட்டோணுமா? நெனைச்சுக்கிட்டானா அப்படி?

ருக்குமணி, கதவுப் பக்கம் நின்னு கண்ணைக் காட்டாதே. நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசறேன்.

எடுங்க பேனாவை. வேற காயிதம் இருக்குதுங்களா? இதோட பின்பக்கத்துலயே எழுதுங்க, போதும். சொல்றேன், அப்படியே எழுதோணும், உங்க ஆபீசுத் தமிழெல்லாம் வேண்டாம். ரோலர் ஓட்டற பொங்கியண்ணன் சொல்றது. தையில இருந்து ஆனி வரைக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் மாதையன் கீற வந்தான். நாந்தான் விடலை. ஒரு தாட்டி ரோலரைக் குறுக்க நிறுத்தினேன், டிப்பரெல்லாம் நின்னுச்சு, டிப்பர்காரனுக பேரு சொல்றேன், கேட்டுக்குங்க. மிஸ்ரா சாபு வந்து பொங்கி சொல்றபடி செய்யுங்கன்னு சொன்னாரு. அதையும் எழுதுங்க. நான் ஊருக்கு வந்திருந்தப்ப மாதையன் கீறின வடக்கோரம் மட்டும் நிக்குது. எழுதினீங்களா? அங்க பாறை இருந்துதுன்னு எழுத வேண்டாம். பாறை இல்லை. எனக்குத் தெரியும், அடியில இருந்து நாந்தானே உருட்டி ஏத்தினேன், அங்க ஒரு கல்லு கூடக் கெடையாது.

என்னங்க, பேனாவை மூடறீங்க? கேசு எம்மேல திரும்பும்ங்கறீங்க. திரும்பட்டும். லைசன்சு போயிரும்ங்கறீங்க. போவட்டும், இனிமே எவன் மண்ணை நான் உருட்டப்போறேன். கான்ட்ராக்டரு என்னைச் சும்மா விட மாட்டாரா? நானும் அவரைச் சும்மா விடறதா இல்லைன்னு சொல்லுங்க. பயந்தவன்கிட்டப் போய் உங்க காயிதத்தை நீட்டுங்க தம்பி. என்ற உருட்டுல குத்தமில்லை, அதைச் சாவற வரைக்கும் சொல்லுவேன். ஆனா மறந்தது மாதையன் இல்லை. அவன் எதையும் மறக்கறவன் இல்லை. தடுத்தது நானு. அது எவன் சொன்னாலும் மாறாது, அவனே எழுதிக் குடுத்தாலும் மாறாது.

மறுக்கா எடுங்க. எடுங்கங்கறேன். ஆங். அப்படி வாங்க.

ஏன் தடுத்தீங்கன்னு கேப்பாங்களா? காரணம்னு ஒண்ணு போடோணுமா? மிஸ்ரா சாபுவுக்கு நேரம் மிச்சம், அது அவரு காரணம். எனக்கு என்ன மிச்சம்? எனக்கு ஒண்ணும் மிச்சமில்லை. சம்பளம் எச்சாக் குடுத்தாங்களா, இல்லை. சோம்பேறித்தனமா, எட்டுக்குப் பத்தா ஓட்டினவன் நானு. சட்டம் தெரியாதா, அட்டையை மாதையன் எனக்குப் படிச்சே காட்டினான்.

அழகா இருந்துச்சுங்க தம்பி. கீற மனசு வரலை. அப்படியே எழுதுங்க, அழகா இருந்துச்சு, அதனால கீற விடலைன்னு. எழுதிப்போட்டு இப்படிக் குடுங்க. கையெழுத்துப் போடறேன்.